மாடி எடுக்கறதா வேண்டாமா, செங்கல்லா பிளாக்கா: பாலக்கோட்டுல தம்பி வீட்டுக்கு நாங்க போட்ட கணக்கு

எங்க அப்பா 2009ல காரிமங்கலம் பக்கம் ஊருல வீடு கட்டறப்ப, பின்னாடி பசங்க மாடி எடுத்துக்கட்டும்னு சொல்லி ஒன்பது பில்லர்லயும் கம்பிய மேல நீட்டி விட்டாரு. அப்ப எல்லாரும் அப்பிடித்தான் விட்டாங்க, இப்பவும் தருமபுரில இருந்து கிருஷ்ணகிரி போற வழில பஸ் ஜன்னல்ல இருந்து பாத்தீங்கன்னா பாதி வீட்டு மொட்டை மாடில கம்பி நீட்டிக்கிட்டு நிக்கும். 2022ல மாடி எடுக்கலாம்னு ஒரு இன்ஜினியர கூட்டிட்டு வந்து காட்டினோம், அவரு ஒரு வார்த்தையும் பேசல, சுத்தியல வாங்கி ஒரு கம்பிய லேசா தட்டினாரு, துரு பட்டை பட்டையா உரிஞ்சு கீழ விழுந்துச்சு. உள்ள கம்பி அங்கங்க அரிச்சு பள்ளம் விழுந்து கெடக்கு. அப்புறம் டேப்ப வச்சு அளந்தாரு, ஒன்றரை அடி தான் இருந்துச்சு. 16 எம்எம் கம்பி மேல அடுத்த கம்பிய சேத்து கட்டணும்னா கம்பி தடிமன் மாதிரி 50 மடங்கு நீளத்துக்கு ரெண்டும் ஒட்டி நிக்கணும், அதாவது 80 சென்டிமீட்டர், ரெண்டரை அடிக்கு மேல. ஆக துருவே பிடிக்காம இருந்திருந்தா கூட அந்த கம்பியால பிரயோஜனம் இல்ல. போதாததுக்கு கம்பி வெளிய வர எடத்துல சந்து விழுந்து மழைத்தண்ணி இறங்கி, கீழ ஹால்ல சீலிங் ஓரத்துல பழுப்பா ஒரு வட்டம், எத்தன தடவ வெள்ளை அடிச்சாலும் ஐப்பசி மாசம் திரும்ப வந்துரும்.

இத மொதல்ல சொல்ல காரணம் இருக்கு. மாடி வேணும்னு முடிவு பண்ணினா அது ஒரு வீடு, வேண்டாம்னு முடிவு பண்ணினா அது வேற ஒரு வீடு, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா ரெண்டுக்கும் செலவு பண்ணி ரெண்டும் கிடைக்காம போயிரும். தம்பிக்கு பாலக்கோடு டவுன்ல 30க்கு 40 மனை வாங்கி இப்ப கட்ட போறோம், ரெண்டே முக்கால் சென்ட், 1200 சதுர அடி, சுத்தி விட வேண்டிய எடம் விட்டது போக கீழ சுமார் 800 சதுர அடி தான் கட்டலாம். அப்பா அம்மா அங்க தான் இருக்க போறாங்க, அப்பாக்கு முழங்கால் தேய்மானம், தம்பிக்கு ரெண்டு வயசுல ஒரு பொண்ணு. இத வச்சுகிட்டு மூணு மாசம் வீட்டுல பேசின பேச்சு தான் இது.

நெறைய பேரு கேக்கற மொத கேள்வி "செங்கல் போடலாமா பிளாக் போடலாமா"னு தான். நாங்களும் அங்க தான் ஆரம்பிச்சோம், அது தலைகீழ். எத்தன மாடி வேணும்ங்கறது தான் மொத கேள்வி. அது தெரிஞ்சா பில்லர் வேணுமா, சுவரே பாரம் தாங்கினா போதுமான்னு தெரியும். அதுக்கப்புறம் தான் சுவர் எதுல. ஏன்னா பில்லர் போட்ட வீட்டுல சுவர் வெறும் மறைப்பு தான், பாரம் எல்லாம் பீம் பில்லர் வழியா கீழ போயிரும், அங்க கல்லு எவ்ளோ எடை எவ்ளோ சூடு விடுதுன்னு பாத்தா போதும். பில்லர் இல்லாத வீட்டுல சுவர் தான் எல்லாமே, அங்க கல்லோட பலம் தான் மொதல்ல.

ஊருல பத்து சென்ட் பதினஞ்சு சென்ட் நெலத்துல கட்டறவங்களுக்கு நான் மனசார சொல்றது, மாடியே வேண்டாங்க. கீழயே அகலமா கட்டிக்கலாம், பில்லரும் தேவையில்ல. நம்ம மாவட்டத்துல பெரும்பாலான எடத்துல மூணு நாலு அடி தோண்டினாலே கெட்டி கிராவலோ பாறையோ வந்துரும், அது மேல சைஸ் கல்லுல (அளவா ஒடச்ச கருங்கல்) கடக்கால், அதாவது அஸ்திவாரம் கட்டி, அது தலைல ஒரு கான்கிரீட் பிளின்த் பீம் ஓட விட்டு, ஒம்போது இஞ்ச் சுவர் எழுப்பி, கதவு ஜன்னலுக்கு மேல லிண்டல் மட்டத்துல வீட்டை சுத்தி எங்கயும் விட்டுப்போகாம கான்கிரீட் பெல்ட் போட்டு மேல தளம் போட்டா தலைமுறைக்கும் நிக்கும். பென்னாகரம் பக்கம் எங்க சித்தப்பா வீடு அப்பிடி கட்டினது தான், இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு கீறல் இல்ல. பில்லர் போட்டா தான் வீடுன்னு இப்ப ஒரு நெனப்பு வந்துருச்சு, அந்த கம்பி காச கதவு ஜன்னல்லயோ தண்ணி தொட்டிலயோ போடலாம். ஆனா அந்த மாதிரி வீட்டு மேல பின்னாடி மாடி எடுத்தா மேல் சுவர் எல்லாம் கீழ் சுவர் மேலயே தான் உக்காரணும், ஹால பெருசு பண்றேன்னு நடு சுவர இடிக்கவும் முடியாது, அது தெரிஞ்சு கட்டணும்.

ஒரே ஒரு விஷயம், பாறை மேல வீடுன்னா பயமில்லன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது முழு பாறையா இருந்தா சரி. ஒரு மூலைல பாறை, எதுத்த மூலைல நிரவின மண்ணுன்னு இருந்தா தான் வம்பு, பாறை பக்கம் அசையாது, மண்ணு பக்கம் இறங்கும், சுவர் குறுக்கால வெடிக்கும். ஏரி ஓரம் களிமண் நெலம்னா இன்னும் ஜாக்கிரதை, அது மழைல ஊறி உப்பி வெயில்ல சுருங்கும், அங்க நான் சொன்ன கணக்கு எதுவும் ஓடாது, பில்லர் தான்.

டவுன்ல கதை வேற. 800 சதுர அடில ரெண்டு பெட்ரூம், ஹால், கிச்சன் வச்சா முடிஞ்சுது. நாளைக்கு கொழந்தை வளந்தா எடம் எங்க? அதனால மேல போற வழி இருக்கணும்ங்கறதுல யாருக்கும் ரெண்டாவது கருத்து இல்ல, இப்பவா அப்புறமாங்கறதுல தான் சண்டை.

மாமா சொன்னது, கீழ முழுசா காருக்கு விட்டுட்டு மேல ரெண்டு மாடி எடு, ஒண்ண வாடகைக்கு விடுன்னு. ஓசூர்ல, போச்சம்பள்ளி சிப்காட் பக்கத்துல எல்லாம் அது சரியா வரலாம், வேலைக்கு வரவங்க கூட்டம் இருக்கு, வீடு காலியாவே நிக்காது. பாலக்கோட்டுல அந்த வாடகைய நம்பி லோன் தவணை கட்ட முடியாது. அது கூட பரவால்ல, அப்பா தெனமும் பதினெட்டு படி ஏறி எறங்கணுமே. பத்தடி ஒசரத்துக்கு ஆறே முக்கால் இஞ்ச் படின்னா பதினெட்டு படி வரும், எண்ணி பாத்துக்கோங்க. முழங்கால் தேஞ்ச மனுஷன் மொத மாடில இருந்தா வாசத்திண்ணைல உக்காரவும் முடியாது, பேப்பர் வாங்க கடைக்கு போகவும் முடியாது, வீட்டுக்குள்ளயே கட்டிப்போட்ட மாதிரி ஆயிரும். அந்த யோசனைய அன்னைக்கே விட்டுட்டோம். மூணு தளம் வேண்டாம்னு முடிவு பண்ணினதுக்கு இன்னொரு காரணம் பிளான் அப்ரூவல். 2024 ஜூலைல வந்த, நாமளே உறுதி கொடுத்து அனுமதி வாங்கற சுயசான்று திட்டத்துல 2500 சதுர அடி வரைக்கும் மனைல 3500 சதுர அடிக்குள்ள வீடுன்னா ஆன்லைன்லயே உடனே அனுமதி வாங்கிக்கலாம், ஆனா அது தரைத்தளம், அதிகபட்சம் மேல ஒரு மாடி வரைக்கும் தான். எங்க கணக்கு 800 கீழ 800 மேல, 1600, அதுக்குள்ள அடங்கிருச்சு.

ரெண்டையும் ஒரே மூச்சுல கட்டிட்டா என்ன? நியாயமான கேள்வி. மாடில சதுர அடிக்கு ஆகற செலவு கீழ விட கொறவு தான், கடக்கால் இல்ல, செப்டிக் டேங்க் இல்ல, போர் இல்ல, காம்பவுண்டு இல்ல. சென்ட்ரிங் ஆளுங்க, மேஸ்திரி எல்லாம் ஏற்கனவே எடத்துல இருப்பாங்க. பின்னாடி எடுத்தா மொட்டை மாடில பதிச்ச தட்டு ஓட்ட பேக்கணும், கைப்பிடி சுவர இடிக்கணும், கீழ குடியிருக்கறவங்க ஆறு மாசம் தூசிய சாப்பிடணும். இன்னொரு பெரிய லாபம் சூடு. மாடி இல்லாத வீட்டுல வெயில் நேரா தலை மேல, தளம் பகல் பூரா சூட்ட குடிச்சு ராத்திரி பூரா கீழ கக்கும், சித்திரைல பத்து மணிக்கு பேன் போட்டா அனல் காத்து தான் வரும். மேல ஒரு மாடி இருந்தா கீழ படுக்கறவங்களுக்கு அது குடை மாதிரி. இவ்ளோ இருந்தும் நாங்க வேண்டாம்னு விட்டது ஒரே காரணத்துக்கு தான், கடன். தோராயமா சதுர அடிக்கு நாலு கிலோ கம்பி, 0.4 மூட்டை சிமென்ட்னு வச்சா 800 அடிக்கு 3.2 டன் கம்பி, 320 மூட்டை சிமென்ட், மாடிக்கு இன்னொரு அவ்ளோ. யாரும் குடியிருக்காத ரூமுக்கு தம்பி பதினஞ்சு வருஷம் வட்டி கட்டறது எனக்கு ஒத்து வரல. கையில காசு இருக்கறவங்க ஒரே மூச்சுல கட்டிருங்க, அதுல தப்பே இல்ல.

ஆக எங்க முடிவு, இப்ப கீழ மட்டும், ஆனா புட்டிங் (பில்லருக்கு அடில மண்ணுக்குள்ள வர கான்கிரீட் பாதம்), பில்லர், பீம் எல்லாம் ரெண்டு தளத்துக்கு டிசைன் பண்ணி. அப்பா பண்ணினதும் இதானேன்னு தம்பி கேட்டான். பாதி இதான், மீதி பாதில தான் வித்தியாசம். ஒண்ணு, மேல் மாடிக்கும் இப்பவே முழு பிளான் போட்டாச்சு, எந்த சுவர் எங்க, பாத்ரூம் பைப்பு எந்த சந்துல இறங்கும், தண்ணி டேங்க் எங்க உக்காரும்னு, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்தோட. டிசைனுக்கு கொடுக்கற காசு மொத்த செலவுல ஒண்ணுமே இல்ல, அத மிச்சம் பண்ண போய் தான் மேஸ்திரி கண்ணளவுல கம்பி கட்டற நெலைமை வருது. ரெண்டு, படிக்கட்ட இப்பவே முழுசா கட்டறோம், வெளிப்பக்கமா. மூணாவது தான் முக்கியம், கம்பி வெளிய தெரியாது. மூணு அடி கைப்பிடி சுவர் எப்பிடியும் கட்ட போறோம், ஓரத்து பில்லர் கம்பிய 80 சென்டிமீட்டருக்கு மேல விட்டு, அத சுத்தி கைப்பிடி சுவர் ஒசரத்துக்கே சிமென்ட் கம்மியான கலவைல பெட்டி கட்டி மூடிர வேண்டியது. பின்னாடி மாடி எடுக்கறப்ப அந்த பலமில்லாத கான்கிரீட்ட சுத்தியலாலயே ஒடச்சு எடுத்துரலாம், உள்ள கம்பி போட்ட மாதிரியே இருக்கும். நடுவுல வர ஒரு பில்லர் கம்பியையும் அதே மாதிரி மூடி, அது மேல டேங்க் திட்டு. இது ஒரு நாள் வேலை, ரெண்டு மூட்டை சிமென்ட். இத 2009ல யாராவது அப்பாட்ட சொல்லியிருந்தா அந்த ஒன்பது பில்லரும் இன்னைக்கு வீணா போயிருக்காது.

பேஸ்மட்டம், அதாவது தெருவுல இருந்து வீட்டு தரை எவ்ளோ ஒசரம்ங்கறதும் மாடி கணக்கோட சேந்த விஷயம் தான், வயசானவங்க கீழ இருக்க போறாங்கன்னா. 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் கரைய கடந்துட்டு உள்ள வந்தப்ப ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை, ரோட்டோரம் நின்ன வண்டிங்கள வெள்ளம் இழுத்துட்டு போனத எல்லாரும் பாத்தோம். நம்ம பக்கம் வறட்சி பூமி, வெள்ளம் எல்லாம் கடலூர் பக்கம் தான்னு இனிமே சொல்ல முடியாது. அதோட ரோடு மேல ரோடு போட்டு போட்டு தெரு வருஷா வருஷம் ஏறிகிட்டே வருது. அதனால மூணு அடி தூக்கணும்னு மேஸ்திரி சொன்னாரு. ஆனா நாளைக்கு அப்பாக்கு வீல்சேர் தேவைப்பட்டா ஒரு அடி ஒசரத்துக்கு பன்னெண்டு அடி நீளம் சாய்தளம் வேணும், மூணு அடிக்கு 36 அடி, எங்க மனையோட நீளமே 40 தான். ரெண்டு அடின்னா 24 அடி, பக்கவாட்டு சந்துல அடங்கும். ரெண்டு அடில நிறுத்திட்டோம். வாசப்படி அஞ்சு இஞ்ச் ஒசரத்துல, ரெண்டு பக்கமும் கைப்பிடி பைப்போட, மேல கிருஷ்ணகிரி கிரானைட். வழவழன்னு பாலிஷ் போட்டது வேண்டாம், சொரசொரப்பா இருக்கறது, மழை ஈரத்துல வழுக்காம.

சரி, இப்ப சுவருக்கு வரேன். பில்லர் வீடுன்னு ஆனதால எல்லா கல்லும் போட்டிக்கு வரலாம். நாலு தான் நெசமா கிடைக்குது: சேம்பர் செங்கல் (சேம்பர் சூளைல சுட்டது), பிளை ஆஷ் கல் (அனல் மின் நிலைய சாம்பல்ல செய்யறது), சாலிட் பிளாக் (கெட்டி கான்கிரீட் கல்லு), ஏஏசி பிளாக் (உள்ள காத்து குமிழி நெறஞ்ச, எடை கம்மியான கல்லு). 

எடைய பாருங்க. நூறு சதுர அடி சுவர், ஒம்போது இஞ்ச் செங்கல்னா ஆயிரம் கல்லுக்கு மேல போகும், பூச்சு இல்லாமலே நாலு டன். ஆறு இஞ்ச் சாலிட் பிளாக்ல 112 கல்லு, மூணு டன் சொச்சம். எட்டு இஞ்ச் ஏஏசில 75 கல்லு, ஒரு டன் கொஞ்சம் மேல. வெறும் காகிதத்துல பாத்தா ஏஏசி தான் ஜெயிக்கும், எடையும் கம்மி, சூடும் கம்மி, நான் கூட மொதல்ல அதுக்கு தான் நின்னேன். மனச மாத்தினது பக்கத்து தெருவுல நடந்த ஒரு வேலைய பாத்து. கொத்தனாரு ஏஏசி கல்ல செங்கல் மாதிரி தொட்டில முக்கி முக்கி எடுத்து அரை இஞ்ச் மணல் கலவை வச்சு கட்டிகிட்டு இருந்தாரு. அதுக்கு தனியா மாவு மாதிரி பசை வருது, மூணு எம்எம் தான் தடவணும், கல்ல லேசா ஈரப்படுத்தினா போதும். மூணு மாசம் கழிச்சு அந்த வீட்டு பூச்சுல கல்லு கல்லா கோடு தெரிஞ்சுது. தப்பு கல்லு மேல இல்ல, பழக்கம் இல்லாத கை. ஓசூர்ல அபார்ட்மென்ட் வேலை செஞ்ச ஆளுங்க கிடைச்சா தாராளமா ஏஏசி போடுங்க. எங்களுக்கு பின்னாடி மாடி எடுக்கறப்ப அது தான் யோசனை, பழைய புட்டிங்குக்கு பாரம் கொறையும்.

சாலிட் பிளாக் வேகமா ஏறும், கூலி மிச்சம், நம்ம பக்கம் ஜல்லி கிரஷர் நெறைய இருக்கறதால கல்லு தாராளமா கிடைக்கும். ஆனா வெளிச்சுவருக்கு நான் ஒத்துக்க மாட்டேன், மேக்கு வெயில் பட்ட ஆறு இஞ்ச் கான்கிரீட் சுவர ஏப்ரல் மாசம் ராத்திரி எட்டு மணிக்கு உள்பக்கம் கை வச்சு பாருங்க, தோசைக்கல்ல அடுப்புல இருந்து எறக்கி வச்ச மாதிரி இருக்கும். உள் சுவருக்கு நாலு இஞ்ச் போடலாம். நேத்து அடிச்ச கல்ல இன்னைக்கு வண்டில ஏத்தி அனுப்பறாங்க, அது அப்புறம் சுருங்கி சுவர்ல கோடு விடும், 28 நாள் ஆன கல்லான்னு கேட்டு வாங்குங்க.

பிளை ஆஷ் கல்லுக்கு சாம்பல் பக்கத்துல மேட்டூர் அனல் மின் நிலையத்துலயே இருக்கு, கல்லு அளவு ஒரே மாதிரி, பூச்சு கம்மியா புடிக்கும். செய்யறவங்க சிமென்ட்ட கொறச்சா ஓரம் பிஸ்கட் மாதிரி உதிரும், ஆள பாத்து வாங்கணும்.

செங்கல்ல எப்பிடி பாக்கறதுன்னு ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டு கல்ல மோதினா மணி மாதிரி சத்தம் வரணும், நெஞ்சு ஒசரத்துல இருந்து மண்ணுல போட்டா ஒடய கூடாது, இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது தண்ணி சோதனை. நாங்க மூணு எடத்துல இருந்து சாம்பிள் கல்லு வாங்கிட்டு வந்தோம், வீட்டுல தக்காளி எடை போடற எலக்ட்ரானிக் தராசு இருக்கு, அம்மா ஒவ்வொரு கல்லையும் தொடச்சு வச்சு எடைய கரித்துண்டால அது மேலயே எழுதிட்டாங்க. ஒரு நாள் முழுக்க அண்டா தண்ணில ஊற போட்டு மறுநாள் துணியால ஒத்தி எடுத்து திரும்ப போட்டாங்க. இருவது சதவீதத்துக்கு மேல தண்ணி குடிக்க கூடாதுங்கறது செங்கல்லுக்கான இந்திய தர விதி ஐஎஸ் 1077 கணக்கு. ரொம்ப செவப்பா அழகா இருந்த ஒரு கல்லு 2.9 கிலோல இருந்து 3.6க்கு போயிருச்சு, 24 சதவீதம். "இது சொவரு இல்லடா, பஞ்சு"ன்னு அம்மா அத எடுத்து மாட்டு தொட்டி ஓரம் வச்சுட்டாங்க. கர்நாடகால மாலூர் பக்கம் இருந்து வந்த சேம்பர் கல்லு தான் தேறுச்சு, லாரி வாடகை கூட, இருந்தாலும் அதையே எடுத்தோம்.

கருங்கல்லுலயே மொத்த வீடும் கட்டலாமான்னு அப்பா கேட்டாரு. தேன்கனிக்கோட்டை பக்கம் பலகைக்கல்ல கூரையா போட்ட பழைய வீடுங்க இருக்கு, மல்லச்சந்திரம் மலைல பெருங்கற்கால ஆளுங்க கல்லு பலகைய நிறுத்தி கட்டின ஈமச்சின்னம் இன்னைக்கும் நிக்குது, நம்ம மண்ணுல கல்லு வேலைக்கு அவ்ளோ வயசு. அவரு ஆசை எனக்கு புரிஞ்சுது. ஆனா கல்லு சுவர் ஒன்னேகால் அடியாவது வேணும், 30க்கு 40 மனைல சுவரே ரூம தின்னுரும். கடக்காலுக்கு சைஸ் கல்லு, படிக்கும் திண்ணைக்கும் கிரானைட், அதோட அவருக்கு மனசு ஆறிருச்சு.

கடைசில நின்னது இது தான்: வெளிச்சுவர் நாலு பக்கமும் ஒம்போது இஞ்ச் சேம்பர் செங்கல், உள்ள நாலு இஞ்ச் சாலிட் பிளாக், பில்லரும் சுவரும் சேர எடத்துல எல்லாம் பூசறதுக்கு முன்னாடி கோழிவலை, இல்லன்னா அந்த கோட்டுலயே வெடிக்கும். தளத்து மேல தட்டு ஓடு, அது மேல வெள்ளை பூச்சு, மாடி வர வரைக்கும் அப்பா அம்மா படுக்கற ரூமாவது சூடு தாங்கணும்.

வீடு கட்ட புடிக்கற தண்ணிய பத்தி யாரும் யோசிக்கறதில்ல. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்து நிலத்தடி தண்ணில ப்ளோரைடு ஜாஸ்தி, அதுக்காக தான் ஒகேனக்கல் கூட்டு குடிநீரே வந்துச்சு. ப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், கம்பிய கெடுக்கறது குளோரைடு, உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல குளோரைடு இருக்க கூடாது. போர் தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சு லேப்ல கொடுத்தா சொல்லிடுவாங்க, நாங்க கொடுத்தோம், அளவுக்குள்ள தான் இருந்துச்சு. சாம்பலோ கசடோ கலந்து வர சிமென்ட்ல போட்ட கான்கிரீட்ட பத்து நாளாவது நனைக்கணும், தளத்துக்கு பாத்தி கட்டி தண்ணி நிறுத்தணும், அதனால பங்குனி சித்திரைல தளம் போடற மாதிரி வேலைய வச்சுக்காதீங்க, டேங்கர் தண்ணிக்கே காசு போயிரும்.

தை பொறந்ததும் வானம் (அஸ்திவார குழி) தோண்ட போறோம். மொதல்ல நாலு மூலைலயும் நடுவுலயும் அஞ்சு குழி மட்டும். வடக்கு பக்கம் பக்கத்து வீட்டுல மூணு அடிலயே பாறை வந்துச்சாம், தெக்கு பக்கம் பழைய கெணறு ஒண்ண மூடியிருக்காங்கன்னு அங்க இருந்த ஒரு பெரியவர் சொன்னாரு. அஞ்சு குழிலயும் எத்தனாவது அடில கெட்டி வருதுன்னு இன்ஜினியர் எறங்கி பாத்து எழுதி கொடுத்த பெறகு தான் புட்டிங் கம்பிக்கு ஆர்டர்.